மொன்பெலியேயில் வெளிநாட்டு மாணவர் கல்வி

மொன்பெலியே, பிரான்ஸ் நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலில் இருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஒரு பல்கலைக்கழக நகரம் ஆகும். இது எரோல் மாவட்டத்தின் தலைநகரம். இங்குள்ள மருத்துவப் பள்ளி, இன்றும் இயங்கிவரும் மருத்துவப் பள்ளிகளுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. வெயில் மிகுந்த இந்தக் கடலோரப் பகுதிக்குப் பிற நாடுகளில் இருந்து மாணவர்கள் வந்து கற்கும் வழக்கம் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வாறு வருவோரை எந்த அளவுக்கு ஏற்பது என்ற கேள்வியும் அதே அளவு பழமையானது.

வரலாறு

12ஆம் நூற்றாண்டில் மொன்பெலியே ஒரு வணிக நகரமாக விளங்கியது. கிழக்கு மத்தியதரைப் பகுதியில் இருந்து வாசனைப் பொருட்களும் மருந்துச் சரக்குகளும் இங்கு வந்து சேர்ந்தன. அவற்றோடு அரபு, யூத மருத்துவ அறிவும் பரவியது. 1181இல் நகரின் ஆட்சியாளரான எட்டாம் கியோம் ஓர் ஆணை பிறப்பித்தார். எவராயினும், எந்த ஊரைச் சேர்ந்தவராயினும் மொன்பெலியேயில் மருத்துவம் கற்பிக்கலாம் என்பதே அதன் சாரம். எவ்வளவு பணம் கொடுத்தாலும், எவ்வளவு வேண்டினாலும் இவ்வுரிமையைத் தனியொருவருக்கு மட்டும் வழங்குவதில்லை என்றும் அவர் உறுதி கூறினார்.

1220இல் திருத்தந்தையின் தூதர் கர்தினால் கொன்ராட், மருத்துவப் பள்ளிக்கு முதல் விதிமுறைகளை வகுத்தார். 1289இல் திருத்தந்தை நான்காம் நிக்கலசின் ஆணையால் மருத்துவம், சட்டம், கலை ஆகிய பள்ளிகள் பல்கலைக்கழகமாக ஒன்றிணைந்தன. இத்தாலியக் கவிஞர் பெட்ராக் 1316 முதல் 1320 வரை இங்கு சட்டம் பயின்றார்.

16ஆம் நூற்றாண்டின் மாணவர் வாழ்க்கையை அறியப் பீலிக்ஸ் பிளாட்டரின் நாட்குறிப்பு சிறந்த சான்றாகும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த இவர், 1552இல் ஏறத்தாழ 16 வயதில் குதிரையில் பயணம் செய்து மொன்பெலியே வந்தார். கட்டலான் என்ற மருந்து வணிகரின் வீட்டில் தங்கினார். கட்டலானின் பிள்ளைகள் ஜெர்மன் மொழி பேசும் நகரங்களில் தங்கிப் படித்தனர். இவ்வாறு பிள்ளைகளை மாற்றித் தங்கவைத்ததால் இரு குடும்பங்களுக்கும் செலவு ஈடுசெய்யப்பட்டது. பிளாட்டர் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். தம் சமயத்தவர் இந்நகரில் எரித்துக் கொல்லப்பட்டதையும் அவர் பதிவு செய்துள்ளார். 1557இல் பாசல் திரும்பிய அவர், பின்னர் புகழ்பெற்ற மருத்துவரானார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், பல்கலைக்கழகங்கள் ஒழிக்கப்பட்டன. மருத்துவக் கல்வி மட்டும் அடுத்த ஆண்டே மீண்டும் தொடங்கியது. பல்கலைக்கழகம் 1896இல் மீள நிறுவப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரஷ்யப் பேரரசில் உயர்கல்வி மறுக்கப்பட்ட பெண்களும் யூதர்களும் மருத்துவம் பயில இந்நகருக்கு வந்தனர்.

இன்றைய நிறுவனங்கள்

1970இல் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் முதலிரண்டும் 2015இல் இணைந்து மொன்பெலியே பல்கலைக்கழகம் ஆயின. அறிவியல், மருத்துவம், சட்டம், பொருளியல் ஆகியன இங்கு கற்பிக்கப்படுகின்றன. மொழி, இலக்கியம், மானிடவியல் துறைகள் பவுல் வலேரி பல்கலைக்கழகத்தில் உள்ளன. வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் நிறுவனம் ஒன்றும் அங்கு இயங்குகிறது.

கட்டணம்

பிரான்சின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நீண்டகாலம் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே கட்டணமே இருந்தது. 2019-2020 கல்வியாண்டு முதல் இந்நிலை மாறியது. அவ்வாண்டு ஐரோப்பிய ஒன்றிய மாணவர்களுக்கு இளநிலைப் படிப்பின் ஆண்டுக் கட்டணம் 170 யூரோ. முதுநிலைக்கு 243 யூரோ. ஒன்றியத்திற்கு வெளியில் இருந்து புதிதாக வருவோருக்கு இவை முறையே 2770, 3770 யூரோ என நிர்ணயிக்கப்பட்டன. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு இவ்வுயர்வு பொருந்தவில்லை. இம்மாற்றத்தை எதிர்த்து மாணவர்கள் போராடினர். பல பல்கலைக்கழகங்கள் தமக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி மாணவர்களுக்கு விலக்கு அளித்தன. எனவே விண்ணப்பிக்கும் ஆண்டில், சேரவுள்ள நிறுவனத்தின் விதியை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

1987இல் தொடங்கிய எராசுமசு திட்டத்தின் கீழ் வரும் பரிமாற்ற மாணவர்கள் இங்கு கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை. பிளாட்டர் காலத்தில் குடும்பங்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு இது ஒப்பானது.

வாழ்க்கைச் சூழல்

குளிர்காலம் மிதமானது, கோடை வறண்டது. 2019 ஜூன் 28 அன்று எரோல் மாவட்டத்தின் வெராக் என்ற ஊரில் 46.0 பாகை செல்சியசு வெப்பநிலை பதிவானது. இலையுதிர் காலத்தில் சில மணி நேரத்தில் பெருமழை பெய்து வெள்ளம் ஏற்படுவதும் உண்டு.

மாணவர் விடுதிகளைக் குரூசு எனப்படும் அரசு அமைப்பு நடத்துகிறது. விடுதி அறைகள் போதாமையால் பலர் தனியார் வீடுகளை நாடுகின்றனர். நெடுங்கால மாணவர் நுழைவிசைவு பெற்றவர்கள், நாட்டிற்குள் வந்த மூன்று மாதங்களுக்குள் அதனை உறுதிப்படுத்த வேண்டும். பொதுவாக ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி உண்டு. 2023 டிசம்பரில் நகரக் கூட்டமைப்பில் வசிப்போருக்குப் பொதுப் போக்குவரத்து இலவசமாக்கப்பட்டது. அங்கு தங்கிப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இது பொருந்தியது.