ஆவணப் பையும் சின்ன மடிக்கணினியும்

போர்க்காலத்தில் வன்னியில் பல வீடுகளில் ஒரு பை எப்போதும் ஆயத்தமாக இருந்தது. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், நாலைந்து குடும்பப் படங்கள். ஷெல் விழத் தொடங்கினால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். பலருக்குக் கடைசியில் அதுவும் மிஞ்சவில்லை. மழையில் நனைந்தும் பதுங்குகுழியில் புதைந்தும் வழியில் தவறியும் போன தாள்களுக்காக இன்றும் அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாரமுள்ள சிறிய மடிக்கணினி இன்று அந்தப் பையின் வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். வெளிநாட்டு உறவினர் கொடுத்த பழைய கணினியே இதற்குப் போதும். ஆனால் அதைச் சரியாகத் தெரிவு செய்யவும், எந்த இடத்தில் அதை நம்பக்கூடாது என்று அறிந்திருக்கவும் வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

2007இல் அசுஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி 701 என்ற கணினிதான் சிறிய மடிக்கணினிகளைச் சாதாரண மக்களிடம் கொண்டுசென்றது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, பாரம் ஒரு கிலோவுக்கும் குறைவு. கடிதம் எழுதவும் மின்னஞ்சல் பார்க்கவும் அதுவே போதுமாக இருந்தது. இன்றைய 11, 12 அங்குலக் கணினிகள் அதே வழியில் வந்தவை.

பாவித்த கணினி என்றால் முதலில் சேமிப்பகத்தைப் பாருங்கள். மலிவான சிலவற்றில் 32 அல்லது 64 ஜிபி மட்டுமே இருக்கும். அது பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் மாற்றவும் முடியாது. அடுத்தது இயங்குதளம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். குரோம்புக் என்றால் அதற்குப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்று வாங்குமுன் பார்க்க வேண்டும்.

கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230 வோல்ற். மின்னேற்றியில் 100–240 வோல்ற் என்று எழுதியிருந்தால் பயமில்லை. செருகியை மாற்றினால் போதும்.

பயணத்தில்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கடவுச்சீட்டு அலுவலாகவோ தூதரக நேர்முகத்துக்கோ இரவு பஸ்ஸில் போகிறவருக்கு வழியில் இணையம் நிச்சயமில்லை. தேவையான படிவங்களையும் கடிதங்களையும் புறப்படுமுன்னரே கணினிக்குள் இறக்கி வைத்திருங்கள்.

யுஎஸ்பி-சி வழியாக மின்னேறும் கணினி பயணத்துக்கு நல்லது. கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் ஒரே மின்னேற்றி போதும். பவர் பாங்க் வாங்குவதென்றால் மடிக்கணினிக்கு மின்னேற்றக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். 10,000 மில்லி அம்பியர் மணி என்பது ஏறத்தாழ 37 வாட் மணி. சிறிய மடிக்கணினி ஒன்றை முழுமையாக நிரப்ப அது பெரும்பாலும் போதாது, ஆனால் ஓரிரு மணித்தியாலம் தாங்கும். விமானத்தில் பவர் பாங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட் மணிக்கு உட்பட்டதென்றால் தனி அனுமதி தேவையில்லை.

வீட்டிலும் இது உதவும். 2022இல் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களில், மின்கலம் உள்ள கணினி வைத்திருந்த பிள்ளைகள் இருட்டிலும் படித்தார்கள்.

தாள்களைப் படமாக்குதல்

ஸ்கானர் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், தாளுக்கு நேர் மேலே கைத்தொலைபேசியைப் பிடித்து இரு பக்கங்களையும் எடுங்கள். இலக்கம், திகதி, முத்திரை, கையொப்பம் ஆகியவை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கோப்புக்கு ஆளின் பெயர், ஆவணத்தின் பெயர், ஆண்டு சேர்த்துப் பெயரிடுங்கள்.

படம் மூல ஆவணத்துக்கு ஈடாகாது. ஆனால் மூலம் தொலைந்தால் திரும்பப் பெறும் வழியை அது காட்டும். காணிப் பதிவகத்தில் உறுதி இலக்கமும், நொத்தாரிசின் பெயரும், திகதியும் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழுக்குப் பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது எளிது. தெரியாவிட்டால் பதிவேடுகளில் தேட வேண்டியிருக்கும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கடிதங்கள் இருந்தால் யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை விளங்காத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தமிழில் தேடவும் முடியாது.

பூட்டும் சாவியும்

கடவுச்சொல் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கணினி களவு போனால், அதன் சேமிப்பகத்தைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தி உள்ளதை வாசிக்கலாம். அதைத் தடுப்பது குறியாக்கம். விண்டோஸில் பிட்லொக்கர், இலவசமாக வெராகிரிப்ட் ஆகியவை இதைச் செய்யும். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். அதைத் தொலைத்தால் உங்களுக்கும் கோப்புகள் கிடையாது.

காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய விபரங்களையோ பிறர் நம்பித் தந்த சாட்சியங்களையோ வைத்திருப்பவர்கள், தேவையில்லாத பயணத்தில் அவற்றைக் கொண்டுபோக வேண்டாம். உங்கள் கணினி தொலைந்தால் ஆபத்து அவர்களுக்கும்தான்.

ஒரே பிரதி போதாது

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் சில வேறெங்கும் பிரதி இல்லாதவை. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படமாக்கி எவரும் வாசிக்கக்கூடியதாக வைத்திருக்கிறது.

குடும்ப ஆவணங்களுக்கும் இதே பாடம்தான். கணினியும் விழும், நனையும், களவு போகும். எனவே ஒரு பிரதி கணினியில், இன்னொன்று வேறு வீட்டில் வைத்த பென்டிரைவில், மூன்றாவது வெளிநாட்டு உறவினரிடம் அல்லது இணையச் சேமிப்பில் இருக்கட்டும். பென்டிரைவும் நாட்பட்டால் பழுதாகும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடிக்கத் தேவையில்லை. தொலைந்தால் மீட்க ஆகக் கடினமான தாள் எதுவோ, அதை நாளைக் காலை வெளிச்சத்தில் படமெடுத்துத் தொடங்குங்கள்.