முகட்டுக் காற்றில் ஒரு பயணம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைத்தொடரின் ஒரு பகுதியாகிய பால்டு ஈகிள் முகடு, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நெடுஞ்சுவர்போல் நீண்டு கிடக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 300 மீட்டர்தான். பெருமலைகளோடு ஒப்பிட்டால் அது குன்றே. ஆயினும், எஞ்சின் இல்லாத வானூர்தியாகிய கிளைடரைச் செலுத்துவோர் இலையுதிர்காலத்தில் இம்முகட்டை நாடி வருகின்றனர்.

அவர்களை ஈர்ப்பது காற்று. குளிர்ந்த காற்றுத்திரள் ஒன்று வெப்பக் காற்றைத் தள்ளிக்கொண்டு கடந்து சென்றதும், அங்கு வடமேற்குக் காற்று வலுத்து வீசுகிறது. அது முகட்டின்மீது ஏறக்குறையச் செங்கோணத்தில் மோதுகிறது; விலகிச்செல்ல வழியின்றிச் சரிவைத் தழுவி மேலெழுகிறது. கிளைடரோ எப்போதும் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கும் ஊர்தி. மெதுவாகப் பறக்கும்போது அமைதியான காற்றில் அது வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே தாழ்கிறது. சூழ்ந்துள்ள காற்று அதனினும் விரைந்து மேலெழுமாயின், கிளைடரும் உயர்கிறது. மேலேறும் நகரும் படிக்கட்டில் மெல்லக் கீழிறங்குபவர் மேல்தளத்தையே சென்றடைவது போன்றது இது.

இவ்வுண்மையை மனிதருக்கு முன்பே பறவைகள் அறிந்திருந்தன. இலையுதிர்காலத்தில் தெற்கே வலசை போகும் பருந்துகளும் பொன்னிறக் கழுகுகளும் இறக்கைகளை அதிகம் அசைக்காமல் இம்மலைமுகடுகளை ஒட்டியே பறக்கின்றன. கிழக்கே, கிட்டாட்டினி முகட்டிலுள்ள ஹாக் மலையில் அவற்றைச் சுட்டு வீழ்த்துவது ஒரு காலத்தில் பொழுதுபோக்காகவே இருந்தது. 1934 ஆம் ஆண்டு ரோசாலி எட்ஜ் அம்மையார் அம்மலையைப் பறவைகளின் புகலிடமாக்கிய பின்னரே அக்கொடுமை அங்கே நின்றது.

இழுவை விமானம் ஒன்று நீண்ட கயிற்றால் கிளைடரை மேலே கொண்டுசெல்கிறது. முகட்டை அடைந்ததும் விமானி கயிற்றை விடுவிக்கிறார். அதன்பின் செம்மையும் பொன்மையுமாய்ச் சிவந்த மரங்களின் மேலாக, காற்று வந்து மோதும் பக்கத்திலேயே பறக்கவேண்டும். மறுபக்கத்தில் காற்று கீழிறங்கிச் சுழல்வதால், அங்கே ஒதுங்கினால் உயரம் விரைவில் பறிபோகும். திரும்பும்போதெல்லாம் மலைக்கு எதிர்ப்புறமாகவே திரும்பவேண்டும். இரு கிளைடர்கள் எதிரெதிரே வந்தால், மலை எவருக்கு வலப்புறம் உள்ளதோ அவர் நேரே செல்வார். மற்றவர் விலகி வழிவிடுவார்.

உண்மையான சோதனை முகடு அறுபடும் இடத்தில்தான் வருகிறது. தெற்கே ஆல்டூனா நகருக்கு அருகே அத்தகைய இடைவெளி ஒன்று உண்டு. அங்கே சரிவும் இல்லை. மேலெழும் காற்றும் இல்லை. ஒரு மீட்டர் தாழ்வதற்குள் 40 மீட்டர் முன்னேறும் கிளைடர், 300 மீட்டர் உயரத்திலிருந்து கணக்கின்படி 12 கிலோமீட்டர் செல்லலாம். எதிர்க்காற்றும் கீழிறங்கும் காற்றும் இக்கணக்கைக் குலைத்துவிடும். எனவே விமானி இடைவெளிக்கு முன்பே இயன்ற உயரத்தைச் சேர்த்துக்கொள்கிறார். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை 90 ஆகக் குறைத்து மூக்கை உயர்த்தினால், அவ்வேகமே ஏறத்தாழ 90 மீட்டர் உயரமாக மாறும். அதற்கும் பிறகு உயரம் போதாதென்று தோன்றினால் திரும்பிவிடுவதே அறிவுடைமை. தயங்கியபடியே பாதித்தொலைவு சென்றவருக்கு இரு முகடுகளும் எட்டாமற் போகலாம். அப்போது கைகொடுப்பவை பள்ளத்தாக்கின் வயல்களே. ஆளுயர மக்காச்சோளம் நிற்கும் வயலில் இறங்குவது ஆபத்து. அறுவடை முடிந்த வயலோ ஓடுதளம் போலத் திறந்து கிடக்கும். இலையுதிர்காலம் விமானிக்குத் தரும் பெரிய ஆறுதல் இது.

இப்பருவத்தின் குறை, பகல் சுருங்குவது. கார்ல் ஸ்ட்ரீடெக் என்பார் இம்முகடுகளின் வழியே டென்னசி மாநிலம்வரை சென்று திரும்பி, 1600 கிலோமீட்டருக்கும் மேல் பறந்தது 1977 ஆம் ஆண்டு மே மாதத்தில், நெடிய பகலில்தான். அக்டோபரில் வருவோர் அவ்வளவு தொலைவுக்கு ஆசைப்படுவதில்லை. வெயில் சாய்வதற்குள் தரையிறங்கி, இறக்கைகளைக் கழற்றி, நீண்ட இழுவைப்பெட்டியில் கிளைடரை அடுக்கி முடிக்கும்போதே பள்ளத்தாக்கில் இருள் இறங்கிவிடுகிறது.