உங்களுக்குத் தெரியுமா? – சிரைகளை அடக்கும் வாயு

சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமைந்த, பெரிய நெல்லிக்காய் அளவேயான புராஸ்டேட் சுரப்பியின் முன்புறம் சிரைகள் அடர்ந்து பின்னிக் கிடப்பதால், புற்றுநோய்க்காக அடிவயிற்றைத் திறந்து அதை அகற்றிய காலத்தில் இரத்தப் பெருக்கே அறுவையாளரின் பெருங்கவலையாக இருந்தது. நுண்துளை அறுவையில், அதாவது சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சில துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறையில், வயிற்றறையை விரிப்பதற்காக நிரப்பப்படும் கரியமில வாயுவின் அழுத்தமே அச்சிரைகளை நெரித்துக் கசிவைக் குறைத்துவிடுகிறது. இடவசதிக்காக வந்த வாயு கேளாமலே செய்யும் உபகாரம் இது.

சுரப்பியின் இருபுறமும் ஒட்டியோடும், விறைப்புக்குக் காரணமான மெல்லிய நரம்புக் கற்றைகளைக் காக்கும் உத்தியோ, இந்நுண்துளைக் கருவிகளை ரோபோவின் கைகளால் இயக்கும் முறையின் கொடையன்று. பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் 1982இல் திறந்த அறுவையிலேயே அதைச் செய்துகாட்டினார். பின்னர் டெட்ராய்ட்டில் ரோபோ முறையைச் செம்மைப்படுத்திப் பரப்பிய மணி மேனன், புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்றவர். புற்று சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த ஆண்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்து, 2016இல் ‘லான்செட்’ இதழில் வெளியான, திறந்த அறுவையையும் ரோபோ முறையையும் ஒப்பிட்ட ஆய்வில், ரோபோ முறையில் இரத்த இழப்பு குறைந்திருந்தபோதிலும், சிறுநீரை அடக்கும் திறனும் பாலுறவுத் திறனும் 12 வாரங்களின் முடிவில் இரு முறைகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.