உப்பளத்து வெயில் முகத்தை ஏன் சுருக்குகிறது?

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. வெள்ளை உப்பு, புற ஊதாக் கதிர்களில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்புகிறது. முண்டாசு கட்டியிருந்தாலும் தாடையும் கண்ணடியும் தப்புவதில்லை.

புற ஊதா 'பி' கதிர் மேல்தோலைச் சுடும்; எரிச்சலில் நமக்குத் தெரிந்துவிடும். 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான 'ஏ' கதிர்தான் சத்தமில்லாமல் உள்தோல்வரை இறங்கி, தோலைத் தாங்கும் கொலாஜன் இழைகளை வெட்டும் நொதிகளைத் தூண்டுகிறது. சுருக்கம் அங்கேதான் தொடங்குகிறது. கருத்த தோலின் மெலனின் நல்ல காப்பு. முழுக் காப்பு அல்ல.

தடுக்க முடியுமா? முடியும். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 55 வயதுக்குட்பட்டவர்களிடம் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது.

வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அது முக்கியமாக 'பி' கதிருக்கான கணக்கு. 30 என்றால் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 'ஏ' கதிருக்கு 'பிராட் ஸ்பெக்ட்ரம்' அல்லது பி.ஏ.+++ குறி வேண்டும். மங்கு (முகத்தில் படரும் கருந்திட்டு) உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய வகை மேல். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பூசி, வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மீண்டும் பூசுங்கள்.

உப்பு வாருபவர் தன் கூலியில் சன்ஸ்கிரீன் வாங்க வேண்டும் என்பது நியாயமல்ல. அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, கருப்புக் கண்ணாடி, நிழற்கொட்டகை ஆகியவற்றை உப்பள உரிமையாளர்களும் அரசும் தர வேண்டும்.