தாறுமாறாகத் துடிக்கும் இதயம்: ரத்தக்கட்டியைத் தடுக்க ஆஸ்பிரின் போதுமா?

“அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்லி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்திருக்காங்க. ரத்தக்கசிவு வந்துடுமோன்னு பயமா இருக்கு. ஆஸ்பிரின் மட்டும் போட்டா போதாதா?” பல வீடுகளில் எழும் கேள்வி இது.

போதாது. இந்தப் பிரச்சினையில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம். 2011-ல் வெளியான ‘அவெரோஸ்’ ஆய்வில், ஆஸ்பிரினோடு ஒப்பிட்டால் அபிக்சபான் மாத்திரை பக்கவாதத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. பெரிய ரத்தக்கசிவோ இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ‘சாதுவான மாத்திரை’ என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

எல்லோருக்கும் மாத்திரை தேவையா என்றால், இல்லை. இதயச் செயலிழப்பு, பிபி, சுகர், ரத்தக்குழாய் நோய், 65 வயதைத் தாண்டியது ஆகியவற்றுக்குத் தலா 1 மதிப்பெண். 75 வயதைத் தொட்டிருந்தாலோ, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தாலோ 2. மொத்தம் 2 வந்தாலே மாத்திரை அவசியம் என்கிறது 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல்.

சரி, எந்த மாத்திரை? பழைய வார்ஃபரின், அசினோகுமரால் போட்டால் அடிக்கடி ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை செய்து, அதைப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். கீரையை அறவே நிறுத்த வேண்டியதில்லை. அளவு திடீரென மாறக்கூடாது, அவ்வளவுதான். டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புதியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூளைக்குள் ரத்தக்கசிவும் வார்ஃபரினைவிடக் குறைவு.

அப்படியானால் எல்லோருக்கும் புதியதுதானா? இங்கேதான் எக்கோ ரிப்போர்ட் முக்கியம். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இந்தியாவில் கணிசம். இத்தகைய ருமாட்டிக் இதய நோயாளிகளிடம் நடந்த ‘இன்விக்டஸ்’ ஆய்வில் (2022), பழைய மாத்திரை போட்டவர்களைவிட ரிவரோக்சபான் போட்டவர்களிடம் இறப்பு அதிகம். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் பழையதுதான்.

புதிய மாத்திரையில் ஒரு சிக்கல்: ஒரு நாள் மறந்தாலே பாதுகாப்பு போய்விடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்து டோஸை முடிவு செய்யணும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, பழையதோ புதியதோ, எதனுடன் சேர்ந்தாலும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

“கீழே விழுந்துட்டா என்ன பண்றது?” என்ற பயத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்களும் உண்டு. விழுவார் என்பது மட்டுமே மாத்திரையைத் தவிர்க்கக் காரணமில்லை. உண்மையிலேயே மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, கட்டி உருவாகும் அந்தச் சின்னப் பை போன்ற இடத்தைக் கருவி வைத்து அடைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் கருவி வைத்த பிறகும் கொஞ்ச காலம் மாத்திரை போட வேண்டியிருக்கும்.