பூனைக்குட்டிக்குத் தெள்ளுப்பூச்சியா? மருந்து போடும் முன் இதைப் படிங்க!

"குட்டிங்க உடம்புல பூச்சி ஓடுது. மாட்டுக்கு வச்சிருக்கிற உண்ணி மருந்தைக் கொஞ்சம் தண்ணில கலந்து தடவலாமா?"

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்னு மாடும் பூனையும் சேர்ந்து வளரும் வீடுகளில் இயல்பாக எழும் கேள்வி இது. பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். பூச்சியை விட அந்த மருந்தே குட்டியைச் சீக்கிரம் கொன்றுவிடும். அதற்காகப் பூச்சியை அப்படியே விட்டுவிடவும் கூடாது. பாதுகாப்பான வழி என்னன்னு பார்ப்போம்.

எந்தப் பூச்சி?

நாம் எல்லாவற்றையும் 'உண்ணி' என்றே சொல்லிவிடுகிறோம். உண்ணி தோலில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும். தெள்ளுப்பூச்சி பழுப்பு நிறத்தில், தட்டையாக, முடிக்குள் வேகமாக ஓடும், பிடிக்கப்போனால் துள்ளும். சந்தேகமாக இருந்தால் குட்டியின் முடியைச் சீவி, உதிரும் கருப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதாவது குட்டியின் ரத்தம்.

ஏன் அவசரம்?

300 கிராம் எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்தமே சுமார் 20 மில்லி ரத்தம்தான் இருக்கும். நாலு டீஸ்பூன் அளவு. நிறையப் பூச்சிகள் தினமும் உறிஞ்சினால் ரத்தசோகை வந்து குட்டி இறந்துவிடும். ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தாலோ, குட்டி சோர்ந்து பால் குடிக்காமல் இருந்தாலோ, உடம்பு சில்லிட்டிருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காதீங்க. துணியில் சுற்றிச் சூடாக வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்க.

இவற்றைத் தொடவே கூடாது

• மாடு, ஆடு, நாய்களுக்கான உண்ணி மருந்துகள். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் என்ற பெயர்களை லேபிளில் பாருங்கள். பெர்மெத்ரின் போன்றவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.
• மனிதர்களின் தலைப் பேன் மருந்து. இதிலும் பெர்மெத்ரின் இருக்கலாம்.
• திராட்சை, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வாங்கிய பூச்சிமருந்து. ஒரு சொட்டு கூட வேண்டாம்.
• மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், வேப்பெண்ணெய். பூனை தன் உடம்பைத் தானே நக்கும். தடவியது எல்லாம் வயிற்றுக்குப் போகும்.

கழுத்தில் விடும் பூனைச் சொட்டு மருந்துகளும் பெரும்பாலும் 8 வாரம் ஆன குட்டிகளுக்குத்தான். சில 6 வாரத்துக்கு மேல். வயதோடு எடை வரம்பும் உண்டு. அதைவிடச் சின்னக் குட்டிக்கு மருந்து தேவையா, எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

1. பேன் சீப்பு. நெருக்கமான பல் உள்ள சீப்பால் தினமும் இரண்டு முறை மெதுவாகச் சீவுங்கள். கழுத்து, காதுக்குப் பின்புறம், வால் அடி ஆகிய இடங்களில் கவனம் தேவை. ஒவ்வொரு முறையும் சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் பூச்சி மூழ்கிச் சாகும். மிகச் சின்னக் குட்டிக்கு இதுவே முதல் வழி.

2. வெதுவெதுப்பான குளியல். பூச்சி மிக அதிகமாக இருந்து, குட்டி சுறுசுறுப்பாகவும் இருந்தால் மட்டும். முதலில் கழுத்தைச் சுற்றி, மருந்து கலக்காத குழந்தை ஷாம்புவால் நுரை வளையம் போடுங்கள். பூச்சி முகத்துக்கு ஓடாது. முகத்தை நனைக்க வேண்டாம், அங்கே சீப்பு போதும். சில நிமிடத்தில் முடித்து, ஷாம்பு போக நன்றாக அலசி, துண்டால் துடைத்து, முழுக்க உலரும் வரை சூடாக வையுங்கள். ஈரத்தோடு விட்டால் குளிரே குட்டியைக் கொன்றுவிடும்.

3. படுக்கை. வளர்ந்த பூச்சிகள்தான் குட்டியின் மேல் இருக்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் சாக்கு, துணி, தரை இடுக்கில் கிடக்கும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பழைய சாக்கை மாற்றுங்கள், மூலைகளைத் தினமும் பெருக்குங்கள். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருந்து வெளிவரக்கூடும். 'போயிடுச்சு' என்று ஒரு வாரத்தில் நிறுத்தாதீங்க.

4. தாய்ப்பூனை. தாய்க்கும் வீட்டு நாய்க்கும் சிகிச்சை இல்லாவிட்டால் பூச்சி திரும்ப வரும். 'குட்டிக்குப் பால் கொடுக்குது' என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே தவறான மருந்து பட்டுவிட்டதா?

நடுக்கம், எச்சில் வடிதல், தசைத் துடிப்பு, வலிப்பு ஆகியவை விஷத்தின் அறிகுறிகள். தோலில் பட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் கொண்டு கழுவித் துடையுங்கள். குட்டிக்கு வலிப்பு இருந்தால் கழுவ நேரம் கடத்தாமல் புறப்படுங்கள். வாந்தி எடுக்க வைக்கவோ, பால், எலுமிச்சைச் சாறு ஊற்றவோ வேண்டாம். மருந்து லேபிளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; மருத்துவருக்கு அது பெரிய உதவி.

பிளேக் வருமா?

பெரியவர்கள் பயப்படுவதில் வரலாறு இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் பரவியது குறித்து ஜார்ஜ், வெப்ஸ்டர் ஆகியோர் செய்த ஆய்வு 1934-இல் வெளியானது. அன்று நோயைப் பரப்பியது எலித் தெள்ளு. பூனைக்குட்டியில் நாம் சாதாரணமாகப் பார்ப்பது வேறு இனம். இதற்காகக் குட்டியைத் தெருவில் விட வேண்டியதில்லை. ஆனால் பூனைத் தெள்ளு மனிதரையும் கடிக்கும், நாடாப்புழுவையும் பரப்பும். எனவே சீவிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எங்கே போகலாம்?

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் அல்லது கால்நடை மருத்துவமனைக்குச் செல்லலாம். மொபைல் மேப்பில் 'கால்நடை மருந்தகம்' என்று தேடினால் வழி கிடைக்கும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி தேனி அருகே தப்புக்குண்டில் இருக்கிறது. கால்நடை உதவிக்கான கட்டணமில்லா எண் 1962. போகும் முன் சமையலறைத் தராசில் குட்டியை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும்.