மதிப்புரைக்கு 2 பிரதிகள்

நம் சங்க அன்பர்கள் சிலர் கைக்காசு போட்டு அச்சிட்ட புத்தகங்கள், வெளியீட்டு விழா முடிந்ததும் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன.

பத்திரிகைக்கு 2 பிரதிகள் அனுப்புவது மரபு. எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பினால் தபால் செலவுதான் மிச்சம். முதலில் நாலைந்து இதழ்களைப் புரட்டி, உங்கள் துறை நூல்களைப் பற்றி எழுதுபவர் யாரெனப் பாருங்கள். விலை, கிடைக்குமிடம் குறித்த சிறு கடிதத்துடன் அவர் பெயருக்கே அனுப்புங்கள்.

விழாவில் பொன்னாடை பெற்றவர் எழுதுவதை நான் மதிப்புரையாகவே கருதுவதில்லை. பாலம் கட்டிய காண்ட்ராக்டரே சோதனைச் சான்றிதழும் கொடுப்பது போலத்தான்! தில்லியில் வாழ்ந்த க.நா.சு. தாட்சண்யம் பார்க்காமல் எழுதினார். 1988-இல் அவர் மறைந்த பிறகும், அவர் சிபாரிசு செய்த நூல்களைத் தேடிப் படிக்கிறோம்.

மூன்று மாதம் பொறுத்து ஒரு நினைவூட்டல் போதும். குறை எழுதிவிட்டாரா? தகவல் பிழை இருந்தால் மட்டும் ஆசிரியருக்கு எழுதுங்கள். அபிப்பிராயத்தோடு சண்டை வேண்டாம்.